நண்டு வண்டிக்கு வைத்த பொட்டு

அடையாறில் அப்போதெல்லாம் மத்தியானம் என்றால் அது ஒரு தனி உலகம். சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஓயாமல் ஓர் இரைச்சல் வரும். காற்றா, கடலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண் தானாகச் சொக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே என் வண்டியின் இரண்டு கைகளும் மண்ணை ஏந்திக்கொண்டு மேலே எழும். எழும் என்றா சொன்னேன்? எழுந்திருக்க மனசில்லாதவன் போர்வையை விலக்குகிற மாதிரி, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எழும். நான் லிவரை இழுத்துப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளை வானத்தில் அந்தக் கைகள் மிதக்கிற மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் சாலையில் லாரிகள் காத்து நிற்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வீட்டு மனைகளுக்கு மண் நிரப்பிச் சமப்படுத்தும் வேலை. லாரி வந்து மண்ணைக் குவித்துவிட்டுப் போகும், நான் அதை வாரிப் பள்ளத்தில் கொட்டுவேன். ஊரில் மற்றவர்களெல்லாம் பெரிய டிராக்டர் வைத்திருந்தார்கள். எங்களிடம் இருந்தது குள்ளமான, நாலு சக்கரத்து வண்டி. கப்பலின் அடிவயிற்றில் கிடக்கும் உரத்தையும் கந்தகத்தையும் வாரித் தள்ளுவதற்காக எந்தச் சீமையிலோ செய்தது. துறைமுகத்தில் ஏலம் விட்டபோது எங்கள் முதலாளி எடுத்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணனுக்கு தி. நகரில் பாத்திரக்கடை, இவருக்கு மண் வேலை. எதையும் யோசிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு நிதானமாகக் கவலைப்படுகிற மனிதர்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இடது பக்கச் சக்கரங்களுக்கு ஒரு லிவர், வலது பக்கத்துக்கு ஒரு லிவர். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். கைகளைத் தூக்கவும் இறக்கவும் தனி லிவர். முன்னால் இரண்டு கை, நினைத்த பக்கம் திரும்புகிற உடம்பு. மண் சுமக்கும் பெண்கள் முதல் நாளே அதற்கு நண்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய விஷயம், அதில் காலுக்கு வேலையே இல்லை. எனக்கு இடது கால் சூம்பிய கால். குழந்தையில் வந்த காய்ச்சல் கொண்டுபோனது. மூட்டை தூக்க முடியாது, சைக்கிள் ரிக்ஷா மிதிக்க முடியாது, லாரியில் கிளட்ச் அமுக்க முடியாது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சின் லிவரைப் பிடிக்கிறவன் லீவு போடும் நாளில் அவன் இடத்தில் உட்காருவேன், அவ்வளவுதான் என் உத்தியோகம். அங்கே பழகிய கை என்பதால்தான் இந்த வண்டியோடு என்னையும் சேர்த்து முதலாளி அழைத்துக்கொண்டார். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் நொண்டி இல்லை. இருபது பேர் சுமக்கிறதை ஒருவனாக வாரிப் போடுகிறவன். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன்.

கல்யாணமே அந்த வண்டியால்தான் நடந்தது. மந்தைவெளியில் பெண் கொடுத்தவர்கள் என் காலைப் பார்த்து யோசித்தார்கள். ஒரு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே வந்து, நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி மண் வாருவதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்களாம். பெண்ணும் கூட வந்திருந்தாளாம், எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் தேரடிக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் ஓர் அறை பிடித்துக் குடித்தனம் வைத்தோம்.

என் மனைவிக்கு அந்த நண்டின் மேல் ஒரு பக்தி. என் மேல் இருந்ததைவிட அதிகம் என்று நான் கிண்டல் செய்வேன், அவள் மறுக்கவும் மாட்டாள். மத்தியானம் சோறு கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமையானால் மாட வீதியில் வாங்கிய சந்தனமும் குங்குமமும் ஒரு வாழையிலைத் துண்டில் கூடவே வரும். வண்டிக்குப் பொட்டு வைக்காமல் எனக்குச் சோறு போட மாட்டாள். எங்கே வைப்பது என்பதில் முதல் நாளே பெரிய ஆராய்ச்சி நடந்தது. முன்னால் இருக்கும் மண் வாரும் வாளி சேற்றிலும் அசிங்கத்திலும் புகுந்து வருவது, அதில் வைக்கக் கூடாது. என்ஜின் மூடி சுடும். கடைசியில் என் இருக்கைக்குப் பின்னால் எண்ணெய் டாங்கியின் தலையில் இருந்த வட்டமான பித்தளை மூடி அவளுக்குப் பிடித்துப்போனது. மற்ற இடமெல்லாம் துரு, அது மட்டும் பளிச்சென்று விளக்கு மாதிரி இருந்தது. அளவெடுத்த மாதிரி பொட்டுக்கென்றே இருந்த இடம். அன்றிலிருந்து அதுதான் நண்டின் நெற்றி.

ஆடி பிறந்ததும் பொட்டு பெரிதாயிற்று. ஆடி வெள்ளிக்கு மஞ்சளும் சேர்ந்தது. பழைய பொட்டை யார் துடைப்பார்கள்? அதன் மேலேயே அடுத்தது. எண்ணெய்ப் பிசுக்கும் மண் தூசியும் கூடச் சேர்ந்து அது காய்ந்து இறுகிப் போயிருந்தது. காலையில் முதலாளி வந்தால் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கச் சொல்வார்.

வண்டிக்குச் சோம்பல் வந்ததும் அந்த ஆடியில்தான். காலையில் ஒழுங்காகத் தூக்கும். வேலை ஏற ஏற, கை தளர்ந்துகொண்டே போகும். உள்ளே எங்கேயோ ஒரு முனகல் கேட்கும், பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரி. சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்தி ஓய்வு கொடுத்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும். பிறகு பழைய கதை. லாரிகள் மண்ணைக் கொட்ட இடமில்லாமல் சாலையில் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. டிரைவர்கள் ஹாரனை அடித்தே என் மானத்தை வாங்கினார்கள். எனக்குக் கோபம் கொஞ்சமா வரும்? லிவரை ஒடித்துவிடுகிற மாதிரி இழுப்பேன். நண்டு அசையாது. அதன் போக்கில், கனவில் நடக்கிறவன் மாதிரி, கையைத் தூக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் கூடத் தூங்கிவிடும். சில மத்தியானங்களில் கை மேலே போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு குட்டித் தூக்கமே போட்டிருக்கிறேன்.

முதலாளி குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“என்னடே, வண்டி கை தூக்குதா, சோம்பல் முறிக்குதா?”

வெயிலில் எண்ணெய் இளகிவிட்டது என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

தி. நகரில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரைக் கூப்பிட்டோம். உருதும் தமிழும் கலந்து பேசுவார், இரும்பைத் தொடும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். நல்ல கைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. முதலில் எனக்கு விளக்கினார். கையைத் தூக்குவது என்ஜின் இல்லை, எண்ணெய். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு டாங்கியில் இருந்து எண்ணெயை உறிஞ்சி அழுத்தி அனுப்புகிறது. அது குழாய் வழியாகப் போய் உருளைக்குள் இருக்கும் தண்டைத் தள்ளுகிறது, கை எழுகிறது. மெதுவாக எழுந்தால், எண்ணெய் போதவில்லை, அல்லது வழியில் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது பம்புக்குத் தெம்பு இல்லை. இவ்வளவுதான், கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

அவர் எப்போது வந்தாலும் முதல் வேலையாக டாங்கி மூடியைத் திறந்து எண்ணெய் அளவு பார்ப்பார். அந்த மூடியை அவர் திறக்கிற அழகு இருக்கிறதே, இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொள்வார். பொட்டின் மேல் விரல் படாமல் விளிம்பை மட்டும் பிடித்துத் திருகுவார். எடுத்த மூடியைப் பொட்டு மேலே பார்க்கிற மாதிரி ஒரு சுத்தமான துணியில் வைப்பார். “வூட்டம்மா வெச்ச பொட்டு நைனா, கலைஞ்சிடக் கூடாது” என்பார். எண்ணெய் சரியாக இருக்கும். அதே பதனத்தோடு மூடிவிட்டு, எங்கே தூக்கு பார்ப்போம் என்பார். நண்டு சட்டென்று கையைத் தூக்கி வணக்கம் சொல்லும். டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி. எனக்கு மானமே போகும். பாய் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்புவார். அவர் அடையாறு பாலம் தாண்டியிருக்க மாட்டார், இங்கே மறுபடி முனகல் ஆரம்பித்துவிடும்.

பாய் சளைக்கவில்லை. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். எண்ணெய் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினார். வாளி நிறைய மண்ணோடு கையை உயரே தூக்கி வைத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். கை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. ஆக, உருளையில் ஒழுகல் இல்லை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் வண்டி நன்றாக ஓடி எங்களுக்கு ஆசை காட்டியது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் வரை கூடவே உட்கார்ந்திருந்து அந்த முனகலைத் தன் காதால் கேட்டார். பம்பின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“நோவு தெரிஞ்சிபோச்சு நைனா. பம்பு தேஞ்சிகீது. இந்த மாடல் பம்பு மவுன்ட் ரோடு பூரா தேடினாலும் கெடைக்காது.”

முதலாளி அதற்கு மேல் யோசிக்கவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். நாளைக்கே வரச் சொல்லலாம் என்றவர் தானே நிறுத்திக்கொண்டார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எதையும் வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. அதற்கடுத்த நாள் சனி, இரும்பு வாங்குகிறவரே அன்றைக்கு இரும்பு வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து உடைத்து எடுத்துப் போகட்டும் என்று முடிவாயிற்று. சாஸ்திரம் எங்களுக்கு இரண்டு நாள் வாங்கிக் கொடுத்தது. எனக்கு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. அவர் என் காலைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துப் பேசியதிலேயே தெரிந்துவிட்டது. அவரிடம் இருந்த மற்ற வேலையெல்லாம் தலையில் சுமக்கிற வேலை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத்தான் எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. வண்டியைப் பார்த்துத்தானே இவளைக் கொடுத்தார்கள். வண்டி போனால் மிச்சம் இருப்பது நானும் என் காலும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். சோற்றுத் தூக்கு, வாழையிலையில் சந்தனம், கூட ஒரு சின்னச் சட்டியில் புளியும் சாம்பலும். எதற்கு என்று புரியவில்லை. நேராக வண்டியிடம் போய், பித்தளை மூடியின் முன்னால் நின்று, நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புளியை எடுத்து அந்தப் பொட்டின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“இன்னாமே பண்றே?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம சம்மட்டியால அடிக்கப் போறானுங்க. பொட்டு மேல அடி உழக் கூடாது.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. பொட்டை அழிப்பது என்றால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அழுதுகொண்டே தேய்த்தாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. மடிப்பில் ஒட்டிக்கிடந்ததை ஊக்கு முனையால் குத்திக் குத்தி எடுத்தாள். குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரிதான் துலக்கினாள், ஒரு பிசிறு விடாமல். தண்ணீர் ஊற்றிக் கழுவி, முந்தானையால் துடைத்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். கொண்டுவந்த சந்தனத்தை இலையோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சாப்பிடவில்லை.

கடைசி வேலை, செய்வோம் என்று ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். கை சட்டென்று எழுந்தது. சரிதான், ஓய்வெடுத்த சுறுசுறுப்பு, இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாரினேன், கொட்டினேன், திரும்பினேன். வெயில் மஞ்சளாயிற்று. சவுக்கு இரைந்தது. எப்போதும் கண் சொக்கி வண்டி முனக ஆரம்பிக்கிற நேரம் வந்தது, போனது. முனகல் இல்லை. வரிசையில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிப் போயின. நான் காத்துக்கொண்டே இருந்தேன். நண்டுக்குத் தூக்கம் வரவே இல்லை. எனக்குத்தான் எல்லாமே கனவில் நடக்கிற மாதிரி இருந்தது.

இன்றைக்கு என்ன புதிதாகச் செய்தோம்? ஒன்றுமே செய்யவில்லை, பொட்டை அழித்ததைத் தவிர. அந்த எண்ணம் வந்ததும் உடம்பு சிலிர்த்தது. திரும்பி மூடியைப் பார்த்தேன். துலக்கிய பித்தளையின் நடுவே ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அப்படியொன்று இருப்பதை நான் பார்த்ததே இல்லை. ஒரு கையால் லிவரை இழுத்துக்கொண்டே, இன்னொரு கையின் கட்டைவிரலைத் துளையின் மேல் வைத்தேன். வண்டியின் கைகள் எழுந்தன. என் விரலின் தோலைத் துளை உள்ளே இழுத்தது. கைகளை இறக்கினேன், மெல்லிய காற்று விரலில் ஊதியது. மறுபடி தூக்கினேன், இழுத்தது. விரலை எடுக்காமல் அழுத்தி வைத்துக்கொண்டு தூக்கித் தூக்கி இறக்கினேன். கை தளர்ந்தது, முனகல் எழுந்தது. விரலை எடுத்தேன். நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தக் கைகள் துள்ளி எழுந்தன.

எண்ணெய் டாங்கியை விட்டுப் போகும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழி இந்தத் துளை ஒன்றுதான். வழி அடைபட்டதும் பம்பு வெறும் வயிற்றை உறிஞ்சிக் களைத்திருக்கிறது. ஓய்வு கொடுத்த நேரத்தில் மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து போயிருக்கிறது. பாய் மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போய் வண்டி பிழைத்திருக்கிறது. அவர் அதே பதனத்தோடு மூடியபோதெல்லாம் மறுபடி திணறியிருக்கிறது. அத்தனை பேரும் அந்தப் பொட்டைக் காப்பாற்றியிருக்கிறோம்.

சொல்லலாமா, வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சந்தோஷத்தை ஒருவனாகத் தாங்க முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு, அவள் கட்டைவிரலைப் பிடித்து அந்தத் துளையில் வைத்துவிட்டு, லிவரை இழுத்தேன். அவள் முகம் மாறியது. கையை இறக்கினேன், தூக்கினேன். அவள் விரலை வெடுக்கென்று எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“மூச்சு விடுதுயா. இத்தினி நாளா இதும்மேலயா நான் வெச்சிக்கினு இருந்தேன்?”

நான் என்ஜினை நிறுத்தினேன். அவளே புரிந்துகொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன், அந்தப் பித்தளையைத் தடவித் தடவிக் கொடுத்தாள், குழந்தைக்கு முதுகில் தடவுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி இரும்பு வாங்குகிறவரோடு வந்து இறங்கினார். சம்மட்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். நான் வண்டியை எடுத்து, அவர் கண்ணெதிரே குவியலைக் கரைத்துக் காட்டினேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். பம்பு தானாகச் சரியாகிவிட்டது என்று ஒரு பொய்யை நான் தயார் செய்து வைத்திருந்தேன். சோறு கொடுக்கிற சாக்கில் கூட வந்திருந்தவள் முந்திக்கொண்டாள். நான் வைத்த பொட்டுதான் அதன் மூச்சை அடைத்தது, அதன் மேல் தப்பு இல்லை, என் வீட்டுக்காரர் மேலும் தப்பு இல்லை என்றாள். முதலாளி மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பழக்கத்தில் கை அதைத் தொடப் போய்ப் பாதியில் நின்றது.

“நானுந்தானேம்மா தெனமும் அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்” என்றார். பிறகு இரும்பு வாங்குகிறவரிடம், வந்ததற்கு அங்கே கிடந்த வளைந்த கம்பிகளையாவது எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். பாய்க்குச் சொல்லி அனுப்பினோம். வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாலைக்குள் அந்தத் துளைக்கு, காற்று போக இடம் விட்டு ஒரு சின்னத் தொப்பி செய்து மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வாழையிலையோடு வந்தாள். மூடிப் பக்கமே போகவில்லை. வண்டியின் ஒரு கையில், மேலே, சேறு படாத இடமாகப் பார்த்துச் சந்தனம் தொட்ட விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இங்க வெக்கலாமா? இங்க மூச்சு இல்லியே?”

அந்த வண்டி ஓடிய வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். நானும் ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்து, இல்லை, வை என்பேன். அந்த முதல் வெள்ளிக்கிழமை வைத்து முடித்துவிட்டு, மிச்சச் சந்தனத்தை என் நெற்றியில் வைக்க வந்தவள், அங்கேயும் விரலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“வைமே” என்றேன்.